ஜேட் முப்பத்திரண்டு

சிமல்டாண்டா நகராட்சியின் தொங்குபாலம் 2023-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. ஆடும் மாடும் அதில் போய்வந்தன, ஒரு கல்யாண ஊர்வலமும் பேண்டு வாத்தியத்தோடு கடந்தது. அதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2080-இல், மேயர் தர்க்கராஜ் கண்டேல் வந்து அதே பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

இப்படிச் சொன்னது எங்கள் கணினி. அதுவும் யாருக்கும் தெரியாமல் காதோடு காதாகச் சொல்லவில்லை. மேயரை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பால் டீயும் கொடுத்துவிட்டு, பெரிய திரையில் போட்டுக் காட்டியது.

கடைவீதியில் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் மகமலி வீடியோ. இரண்டே பேர். தில்மாயா புன் படத்தொகுப்பு செய்வாள், டிரோன் பறக்கவிடுவாள், வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுவாள். நான் வர்ணனை எழுதி, அதை நானே கனத்த குரலில் படிப்பேன். இந்த ஜில்லாவில் எந்தப் பெரிய மனிதரைப் பற்றி ஒலிபெருக்கியில் புகழ்ச்சி கேட்டாலும் அது பெரும்பாலும் என் தொண்டையிலிருந்து வந்ததாக இருக்கும். நான் படிப்பதை நானும் நம்ப வேண்டும் என்று இதுவரை யாரும் நிபந்தனை போட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை மேயர் படியேறி வந்தார். பின்னால் அவருடைய மனைவியின் தம்பி லோக்மணி, ஹார்ட் டிஸ்க்கை மஞ்சள் பட்டுத் துணியில் சுற்றி, சாமி சிலையைத் தூக்கிவருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். லோக்மணிதான் நகராட்சியின் அதிகாரபூர்வ ஒளிப்பதிவாளன். அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த தகுதி.

மேயர் வண்ண நெசவு போட்ட டாக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். எங்கள் நாற்காலிகளில் எதில் உட்கார்ந்தாலும் அவர் மேடையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

"ஹோமநாத், சனிக்கிழமை கட்சியோட ஜில்லா கமிட்டி வருது" என்றார் என்னிடம். "மேயர் டிக்கெட் மறுபடி எனக்கா, இல்ல அந்தம்மாவுக்கான்னு அன்னைக்கே முடிவு. இருபது நிமிஷத்துல ஒரு படம் வேணும். அதுக்கு உயிரே பாலம்தான்."

அந்தம்மா என்றால் துணை மேயர் சுன்கேசரி ராணா. இரண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி. நாலு வருடமாக ஒருவர் ஏறும்போது மற்றவர் இறங்குவதில்லை. இருவருக்கும் ஒரே டிக்கெட் வேண்டும். இருவரும் காட்டுவதற்கு இருந்ததும் ஒரே பாலம். நகராட்சியில் முடிந்த வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். வேறு இல்லை.

"எப்படி அடுக்கணும் ஹஜூர்?" என்று கேட்டாள் தில்மாயா. "ரோடு தனியா, தண்ணி தனியா, பாலம் தனியா வெச்சிடவா?"

"தேதிப்படி!" மேயர் டீக் கோப்பையை உயர்த்தினார். "நான் திறந்த புத்தகம் தங்கச்சி. முதல் நாள் முதல்ல வரணும், கடைசி நாள் கடைசியில வரணும். மூலையில தேதி தெரியணும். கல்லு நாட்டுன நாள்லருந்து முதல் ஆள் பாலத்துல நடந்த நாள் வரைக்கும் நான் அங்க நின்னேனா இல்லையான்னு தேதியே பேசட்டும்."

"அப்ப அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் தில்மாயா. அவள் எதையும் அஞ்சு நிமிஷ வேலை என்று சொன்னால் நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவைத்துவிடுவேன்.

லோக்மணியின் ஹார்ட் டிஸ்க்கில் நாலு வருட மேயர் இருந்தார். சொல்லப்போனால் மேயர் மட்டுமே இருந்தார். லோக்மணியின் கலைப்பார்வை மேயரின் கழுத்துக்குக் கீழே இறங்கியதில்லை, காதுக்கு அந்தப் பக்கம் போனதுமில்லை. அவர் ரோடு திறக்கிறார், ரோடு தெரியாது. குழாய் திறக்கிறார், குழாய் தெரியாது; மேயர் முகத்தில் நாலு துளி தெறிக்கும், அதை வைத்து நாம் குழாயை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே பாலம் என்று ஒன்று கண்ணில் பட வேண்டுமானால் எங்களிடமிருந்த டிரோன் காட்சிகளைச் சேர்த்தாக வேண்டும். பாலம் கட்டிய ஊர்க் கமிட்டிக்காக தில்மாயா எடுத்தவை அவை.

இரண்டையும் ஒரே தொகுப்பில் கொட்டினாள். பதிவான தேதி என்ற தலைப்பில் ஒரு சொடுக்கு. ஐந்நூற்றுச் சொச்சம் துண்டுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணியடித்ததும் வரிசையில் நிற்பதுபோல் நின்றன. மொத்தமாக இழுத்துக் காலக்கோட்டில் போட்டுவிட்டு ஓடவிட்டாள்.

முதலில் டிரோன். பள்ளத்தில் ஆறு, இரண்டு கரையிலும் மக்கள். நூறு நூற்றைம்பது பேர் ஒரே இரும்பு வடத்தைத் தோளில் வைத்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கினார்கள். மேலிருந்து பார்க்க ஒரு பெரிய மரவட்டை போல் இருந்தது. அந்த மரவட்டைக்குத் தலைமாட்டில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையோ திட்டியபடி சுன்கேசரி ராணா. அப்புறம் வடம் ஏறியது, பலகை ஏறியது. ஒருவன் கூடையில் கோழிகளோடு பாலத்தைக் கடந்தான். மூலையில் தேதி: 2023.

"நான் எங்க?" என்றார் மேயர்.

"வருவீங்க ஹஜூர்" என்றேன் நான்.

வந்தார். பாலத்தில் கல்யாண ஊர்வலம் போய், மழை வந்து, ஆறு பெருகி, வடிந்து, எல்லாம் முடிந்தபின் திரை முழுக்க மேயரின் முகம். ரோடும் குழாயும் திறந்தபின், கையில் மாலை சுற்றிய கல். "இதோ, இந்த ஆற்றின் குறுக்கே, மக்களின் நூற்றாண்டுக் கனவுக்கு இன்று அடிக்கல்..." மூலையில் தேதி: 2080.



"ஹேக்!" என்று மேயர் எழுந்தார். டீ தொப்பென்று சாசரில் விழுந்தது. "ஹேக் பண்ணிட்டா! அந்தம்மா ஆள் வெச்சு உள்ள பூந்துட்டா!"

"யாரும் பூரல ஹஜூர்" என்றாள் தில்மாயா. "உங்க கேமராவுல நம்ம நாட்டுச் சம்வத் வருஷம் வெச்சிருக்காங்க. டிரோன் போனைப் பாத்துத் தேதி எடுத்துக்கும், அது ஆங்கில வருஷம். நம்ம வருஷம் அம்பத்தேழு கூட ஓடுதுன்னு இந்த மெஷினுக்கு யார் சொல்றது? 2080 பெருசு, 2023 சின்னது. சின்னது முன்னால, பெருசு பின்னால."

"எவன்டா கேமராவுல சம்வத் வெச்சது?" என்று மேயர் மைத்துனனிடம் திரும்பினார்.

லோக்மணி பயப்படவில்லை. அவனிடம் ஆதாரம் இருந்தது. "நீங்கதான் அத்தான். புத்தாண்டு விழாவுல மேடையில சொன்னீங்க. 'நாம் ஒருநாளும் அடிமையாக இருந்ததில்லை, நம் நகராட்சியில் கடிகாரம் முதல் கேமரா வரை நம் சம்வத்தில்தான் ஓடும்'னு. நான் படமெடுத்துட்டிருந்தேன். கைதட்டல் அடங்குறதுக்குள்ள மாத்திட்டேன். வீடியோ இருக்கு, போடவா?"

அந்த உரையை எழுதிக் கொடுத்தவன் நான். அதனால் சாலையில் போகும் ஒரு ஜீப்பை ஜன்னல் வழியாகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தன்னுடைய கொள்கை தன் காலையே மிதித்துவிட்டது என்று தெரிந்தால் சாதாரண மனிதன் காலை இழுத்துக்கொள்வான். தர்க்கராஜ் கண்டேல் கொள்கையை இன்னும் அழுத்தி மிதிப்பார்.

"என் கேமரா சரியாத்தான் சொல்லுது" என்றார் கம்பீரமாக. "தப்பு டிரோன்மேல. தங்கச்சி, டிரோனை நம்ம சம்வத்துக்குக் கொண்டாங்க. ஐம்பத்தேழு வருஷம் முன்னால தள்ளுங்க."

"அம்பத்தாறு வருஷம், எட்டு மாசம், சொச்சம் நாள்" என்றாள் தில்மாயா. "தள்ளிடலாம். புதன்கிழமை வந்து பாருங்க."

மேயர் படியிறங்கும்போது, ஒரு நாட்டையே ஐம்பத்தேழு ஆண்டு முன்னேற்றிவிட்ட நடை அவரிடம் இருந்தது.

டிரோன் துண்டுகள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, பதிவுத் தேதியை நகர்த்து என்ற கட்டளையைக் கொடுத்தாள் தில்மாயா. எங்கள் சம்வத் மாதங்கள் ஒன்று இருபத்தொன்பது நாளில் முடியும், ஒன்று முப்பத்திரண்டுவரை இழுக்கும். கணினி மாதத்துக்கு அந்த நெளிவு தெரியாது. ஒட்டாத இடங்களில் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் தள்ளினோம். சரியாக வருகிறதா என்று பார்க்க எங்களிடம் இயந்திரத்தைவிட நல்ல அளவுகோல்கள் இருந்தன. வயலில் சேற்றை வாரி அடித்துக்கொண்டு தயிர் அவல் சாப்பிடுகிறார்கள் என்றால் அது நடவுத் திருநாளான அசார் பதினைந்து, வேறு நாளாக இருக்க முடியாது. நெற்றியில் உள்ளங்கையளவு சிவப்பு டீகா, காதில் நாற்று என்றால் தசைன் பண்டிகை. மேயரின் நெற்றியும் மேலேயிருந்து பார்த்த ஊரும் ஒரே நாளில் சிவந்தன. எல்லாம் பல்லோடு பல்லாகப் பொருந்தின.

ஒன்று மட்டும் உறுத்தியது.

"அண்ணே, இங்க வாங்க" என்றாள் தில்மாயா. "கோழிக் கூடைக்காரன் பாலத்தைத் தாண்டுனது ஜேட் மாசம் இருபத்தேழு. மேயர் கல்லு நாட்டுனது ஜேட் இருபத்திமூணு."

"அடுத்த வருஷ ஜேட்டா?"

"அதே ஜேட். நடுவுல நாலு நாள்."

"நாலு நாள்ல பாலமா?"

"கல்லு நாட்டுறதுக்கு மூணு மாசம் முன்னாடியே வடம் தூக்கிட்டிருக்காங்க, அதையும் பாருங்க."

ஊரறிந்த விஷயம்தான். ஊர்க் கமிட்டி ஆட்கள் மேயருக்காகக் காத்திராமல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது மேயர், பாலங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று பார்த்துவர வெளிநாட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் உள்ளூரில் ஒன்று எழுந்து நிற்கிறது. அது எழும்புவதைப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் வேலை முடிவதற்குள்ளாவது கல்லை நாட்டிவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தில்மாயா டிரோன் வரிசையில் இன்னும் கொஞ்சம் கீழே போய் ஒரு துண்டைத் திறந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையில் பாலத்தின்மேல் ஓடுகிறார்கள். டிரோன் மெதுவாகத் திரும்புகிறது. கரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ஷாமியானா. கூட்டம். நடுவில், எறும்பளவில், டாக்கா தொப்பி குனிந்து கல்லை வைக்கிறது. பின்னால் முப்பதடி தள்ளி, முழுசாக முடிந்த பாலம், அதில் ஓர் எருமை நின்று வேடிக்கை பார்க்கிறது. மேசையிலிருந்த நாட்காட்டிப்படி தேதி: ஜேட் முப்பத்திரண்டு.

அப்படியென்றால் முதல் நாள் கணினி போட்ட வரிசையே சரி. ஐம்பத்தேழு வருடம் கூடப் போட்டுவிட்டதே தவிர, பாலம் முன்னால், அடிக்கல் பின்னால் என்பதில் அது ஒரு தப்பும் செய்யவில்லை.

லோக்மணியை வரவழைத்தோம். தட்டில் மோமோவை வைத்ததும் உண்மை தானாக வந்தது.

"அன்னைக்கு முப்பத்திரண்டாம் தேதிதான் அண்ணே. ஷூட்டிங்குக்கு முன்னாடி தினமும் கேமராவுல தேதி சரிபண்ணிப்பேன். ஜேட் ரெண்டாம் மாசம்தானே? இந்தக் கேமரா ரெண்டாம் மாசத்துக்கு இருபத்தொம்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. அமுக்குறேன் அமுக்குறேன், ஒண்ணுக்குத் திரும்பிடுது. அத்தான் வேற கல்லைத் தூக்கிட்டாரு. கனமான கல்லு. எவ்வளவு நேரம் பிடிச்சிட்டு நிப்பாரு?"

"சரி, அதுக்கு?"

"முப்பத்திரண்டைத் திருப்பிப் போட்டு இருபத்திமூணா வெச்சிட்டேன். மூணும் இருக்கு, ரெண்டும் இருக்கு. ஒரு நம்பரையும் விடல."

தில்மாயா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்று லோக்மணி அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

புதன்கிழமை மேயரிடம் இதைச் சொல்லும் பொறுப்பு, வாயை வைத்துப் பிழைப்பவன் என்பதால், என் தலையில் விழுந்தது. முதலில் டிரோன் துண்டைக் காட்டினேன். ஷாமியானா, தொப்பி, பாலம், எருமை. அவர் இரண்டுமுறை போடச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம்முறை கேட்கவில்லை.

"அந்த எருமையை எடுத்துட முடியுமா?" என்றார்.

"எருமையை எடுத்துடலாம் ஹஜூர். பாலம் இருக்குமே" என்றாள் தில்மாயா.

மேயர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. முன்மண்டையில் முடி ஏதுமில்லை. தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும் யாரோ ஒரு மனிதர் போலிருந்தார்.

"எத்தனை கல்லு நாட்டியிருக்கேன் தெரியுமா ஹோமநாத்?" என்றார். "ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, பஸ் நிலையத்துக்கு ரெண்டு, குளிர்பதனக் கிடங்குக்கு ஒண்ணு... மழையில நனைஞ்சு பாசி புடிச்சுக் கெடக்கு எல்லாம். நட்டதுல ஏதாவது முளைச்சது இது ஒண்ணுலதான். இதையும் அந்தம்மா எடுத்துட்டா, நான் கமிட்டிகிட்ட எதைக் காட்டுவேன்?"

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தில்மாயாவும் மவுஸைச் சும்மா நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"கல்லு நாட்டுற காட்சியை விட்டுடலாமே" என்றேன். "திறப்பு விழாப் பேச்சை மட்டும் வெப்போம்."

இந்த யோசனை அவரைத் தட்டியெழுப்பிவிட்டது. தொப்பி தலைக்குத் திரும்பியது. கூடவே மேயரும் திரும்பினார்.

"நான் ஏன் விடணும்? கேமராவுல என்ன தேதி இருக்கு?"

"இருபத்திமூணு. ஆனா அது..."

"பதிவான தேதி இருபத்திமூணு. அரசாங்கக் கேமரா. அதுல கைவெச்சுத் திருத்துனா அது மோசடி. முதல் ஆள் நடந்தது இருபத்தேழு. அப்ப என்ன அர்த்தம்?" எழுந்து நின்றுவிட்டார். "நாலே நாள்! கல்லு நாட்டி நாலே நாள்ல பாலம்! எழுதுங்க ஹோமநாத்!"

"மூணு மாசம் முன்னாடி வடம் தூக்குறாங்களே ஹஜூர்?" என்றாள் தில்மாயா.

"அது மக்களோட ஆர்வம்."

"பலகை அடிக்கிறது?"

"பயிற்சி."

எழுதினேன். 'உலகம் திட்டம் போடும் நேரத்தில் சிமல்டாண்டா ஆற்றைக் கடந்துவிட்டது' என்று ஆரம்பம். 'நாலு விடியல், ஒரு பாலம்' என்று முடிவு. படிக்கும்போது எனக்கே புல்லரித்தது. என் குரலின் கோளாறு அது.

சனிக்கிழமை நகராட்சி அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஜில்லா கமிட்டித் தலைவர் சேஷ்காந்த சர்மா, கழுத்தில் செண்டுப்பூ மாலைகள் காதுவரை ஏறியிருக்க, நடுவில் மூக்கும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வரிசையில் சுன்கேசரி ராணா. அவருக்குப் பின்னால் அந்தப் பாலத்துக்கு வடம் தூக்கிய தோள்கள் வரிசையாக.

இருபது நிமிடம் ஓடியது. மேயர் ரோடு திறந்தார், குழாய் திறந்தார், கல்லை நாட்டினார். என் குரல் முழங்கியது: நாலே நாள். கூடையோடு கோழிக்காரன் பாலத்தில் நடந்தான். விளக்கு எரிந்தது.

பின்வரிசையில் யாரோ தும்மலை அடக்குவதுபோல் சத்தம் வந்தது. அதைக் கேட்டு இன்னும் நாலு பேருக்குத் தும்மல் வந்தது. அரங்கமே இனி வெடித்துவிடும் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

சேஷ்காந்த சர்மா திரும்பி, "துணை மேயரம்மா, நீங்களும் அங்கதானே இருந்தீங்க? நாலு நாள்ங்கிறது உண்மையா?" என்று கேட்டார்.

சுன்கேசரி எழுந்தார். தோள்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். மேயரின் கை தொப்பியைத் தேடிப் போய், அது தலையிலேயே இருப்பதை உறுதி செய்துகொண்டு திரும்பியது.

"உண்மைதான் அண்ணா" என்றார் சுன்கேசரி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "நான் கண்ணால பாத்தேன். எங்களுக்கெல்லாம் மூணு மாசம் ஆனமாதிரி இருந்தது. மேயர் சாப்கூட வேலை பாத்தா நேரம் போறதே தெரியாது."

 எதிரி கையில் கத்தி இருக்கும் என்று நினைத்து மார்பைக் காட்டிக்கொண்டு நின்றவருக்கு மாலை விழுந்துவிட்டது.

"ஒரே வருத்தம் என்னன்னா," என்று தொடர்ந்தார் சுன்கேசரி, "இப்பேர்ப்பட்ட கையை இந்தச் சின்ன ஊர்லயே கட்டிப்போட்டு வெச்சிருக்கோம். இங்க பாலம் முடிஞ்சுபோச்சு. இனிமே என்ன? சாக்கடை, குப்பை, பால்வாடி. அதை நானே பாத்துப்பேன். ஆத்துல மேல போனா தோர்பேசி இருக்கு. பதினாலு வருஷமா அங்க பாலம் வராம நம்ம கட்சி ஒவ்வொரு தடவையும் தோக்குது. மாகாண சபைக்கு அந்தத் தொகுதியில நிக்க ஆளே கிடைக்கலன்னு நேத்து நீங்கதானே அண்ணா சொன்னீங்க?"

மாலைகளுக்கு நடுவே சேஷ்காந்த சர்மாவின் கண்ணாடி பளிச்சென்றது. அவர் முட்டாள் இல்லை. எந்தக் கல் எந்த நாளில் நாட்டப்பட்டது என்பது அந்த நிமிடமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தோர்பேசிக்கு ஒரு வேட்பாளர் கிடைத்துவிட்டார் என்பது அதைவிட வேகமாகப் புரிந்தது.

"தர்க்கராஜ்," என்றார், "நாலு நாள்ல பாலம் கட்டுறவரை மேயரா வெச்சிருக்கிறது கட்சிக்கே அவமானம். மாகாணத்துக்குப் போங்க."

மறுக்க என்ன வழி? நாலு நாள் இல்லை என்று சொன்னால் பாலம் போய்விடும். பாலம் போனால் கையில் பாசி பிடித்த கற்கள்தான் மிஞ்சும். மேலும், மாகாணம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் நாற்காலியில் ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டதை நான் பார்த்தேன். ஒலிவாங்கியைப் பிடித்து, சிமல்டாண்டாவைவிட்டுப் பிரிய மனமில்லை என்றும், நாடு அழைத்தால் மனதைக் கேட்க முடியாது என்றும் முக்கால் மணி நேரம் பேசினார். மேயர் டிக்கெட் சுன்கேசரிக்கு என்று அறிவித்தபோது கைதட்டல் எழுந்தது. அதைத் தன் பேச்சுக்கு என்று எடுத்துக்கொண்டு அவரும் கைகூப்பினார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பிரசாரம் தொடங்கியது. லோக்மணியும் நானும் கூடப் போனோம். தோர்பேசிக்கு ஜீப் போகாது. இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம். வழியெல்லாம் என் குரல் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சுன்கேசரியின் ஆட்கள் படத்தை மேல்தொகுதி முழுக்க, எந்தக் கட்டணமும் இல்லாமல், ஒவ்வொரு போனுக்கும் அனுப்பிவைத்திருந்தார்கள்.

ஆற்றங்கரையில் ஊரே திரண்டிருந்தது. கடப்பாறை, மண்வெட்டி, கயிறு எல்லாம் தயார். பதினாலு வருடமாகத் துருவேறிக் கிடந்த வடச்சுருளை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஆண்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கொட்டு முழங்கியது. வேட்பாளர் கழுத்தில் விழுந்த மாலைகளுக்குக் கணக்கில்லை.

ஊர்ச் சார்பில், கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் தேவிசரா என்ற அம்மாள் முன்னால் வந்தார். கையில் கறிக்கத்தி இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்துவிட்டார்.

"வாங்க ஹஜூர், வாங்க. இன்னைக்கு ஞாயிறு. வியாழக்கிழமை அந்தக் கரையில சந்தை. அதுக்குள்ள பாலம் முடிஞ்சிடும்ல? பன்னிக்குட்டி ரெண்டு விக்கணும், அதான் கேக்குறேன்."

தர்க்கராஜ் கண்டேல் ஆற்றைப் பார்த்தார். இங்கே ஆறு எங்கள் ஊரில் இருப்பதைவிட அகலம். தண்ணீர் பாறையில் மோதி, யாரையும் மதிக்காத சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. லோக்மணி வழக்கம்போல் அவர் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான். அதனால் பிறகு படத்தில் பார்த்தவர்களுக்கு அந்த முகம் எதைப் பார்த்து அப்படி ஆனது என்று தெரியாது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்த நல்ல காரியத்துக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு அம்மா. முதல்ல சாஸ்திரப்படி ஓர் அடிக்கல்..."

"அதுக்கு நீங்க சிரமப்பட வேணாம் ஹஜூர்" என்றார் தேவிசரா, கத்தியால் கரையோரப் புதரைச் சுட்டிக்காட்டி. "ஏற்கெனவே ஏழு பேர் நாட்டுன கல்லு அங்க கெடக்கு. முதல் நாள் வேலை முடிஞ்சதுன்னே வெச்சுக்குங்க. இன்னும் மூணு நாள்தான்."